நாடற்றவர் கேட்ட உலக அரசு: ரோசிகா ஷ்விம்மரின் வாழ்க்கை

கேள்வி: உலகம் முழுவதற்கும் ஜனநாயக முறையில் ஒரே அரசு வேண்டும் என்று உண்மையிலேயே பாடுபட்டவர்கள் உண்டா? அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கை எப்படிப் போயிற்று? அது வெறும் கனவுதானா?

பதில்: உண்டு, பலர் உண்டு. இந்தப் பேச்சு வந்தால் வழக்கமாக ஐன்ஸ்டைனையும், அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து ‘உலகக் குடிமகன்’ என்று தன்னை அறிவித்துக்கொண்ட கேரி டேவிஸையும் சொல்வார்கள். நான் அவர்களுக்கு முன்னால் போய் ரோசிகா ஷ்விம்மரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஹங்கேரியில் பிறந்த யூதப் பெண். முதல் உலகப் போரை நடுவில் நிறுத்த முயன்றவர், தூதராக இருந்தவர், கடைசி இருபது ஆண்டுகளுக்கு மேல் எந்த நாட்டுக்கும் குடிமகளாக இல்லாமல் வாழ்ந்து இறந்தவர். இன்று அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு வெகுநாளாக உள்ள வருத்தம்.

அவரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அரசாங்கங்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, எதுவும் திறக்காததைக் கண்ட பிறகுதான் உலக அரசு என்ற முடிவுக்கு அவர் வந்தார். உங்கள் கேள்வியில் ‘ஜனநாயக முறையில்’ என்று ஒரு அடைமொழி இருக்கிறதே, அவருடைய வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. போரைத் தொடங்குவதும் அரசாங்கம்தான், சமாதானம் பேச ஆள் அனுப்புவதும் அரசாங்கம்தான் என்றால், சாகப் போகிறவர்களின் குரல் எங்கே வரும் என்று கேட்டவர் அவர்.

1877 செப்டம்பர் 11 அன்று புடாபெஸ்டில் பிறந்தார். விளைபொருள் வணிகம் செய்த தந்தை. வளர்ந்தது டெமஷ்வாரிலும் (இன்றைய ருமேனியாவின் டிமிஷோரா) சபாட்காவிலும் (இன்றைய செர்பியாவின் சுபோட்டிட்சா). அவர் வாழ்நாளிலேயே இந்த ஊர்கள் நாடு மாறின என்பதைக் கவனியுங்கள். பியானோவும் பாட்டும் கற்ற பெண், தந்தையின் வணிகம் நொடித்ததும் கணக்கெழுதும் வேலைக்குப் போனார். அங்கே பெண் எழுத்தர்களுக்கு என்ன சம்பளம், என்ன மரியாதை என்பதை நேரில் பார்த்தார். அலுவலகப் பெண்களின் சங்கத்துக்குத் தலைவரானார். 1904-இல் வில்மா க்ளூக்லிக்குடன் சேர்ந்து ஹங்கேரியப் பெண்ணியர் சங்கத்தைத் தொடங்கினார். பத்திரிகை நடத்தினார், ஐரோப்பா முழுவதும் சுற்றிப் பேசினார். 1913-இல் அனைத்துலகப் பெண்கள் வாக்குரிமைக் கூட்டமைப்பின் மாநாடு புடாபெஸ்டில் நடந்தபோது அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் அவர்தான். ஆளைப் பற்றி எழுதியவர்கள் எல்லாருமே சொல்வது ஒன்று: மேடையில் ஏறினால் கூட்டம் அசையாது.

1914-இல் அந்தக் கூட்டமைப்பின் பத்திரிகைச் செயலாளராக லண்டனில் இருந்தார். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்ட செய்தியை இங்கிலாந்தில் பலர் தூரத்து ஊர்ச் சண்டையாகவே நினைத்திருந்த ஜூலை மாதத்தில், நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜைச் சந்தித்து இது பெரும் போரில் முடியும் என்று எச்சரித்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. போர் மூண்டது. சில நாட்களில் அவர் இங்கிலாந்தில் ‘எதிரி நாட்டவர்’ ஆகிவிட்டார்.

செப்டம்பரில் கப்பலேறி அமெரிக்கா போனார். நடுநிலை நாடுகள் கூடி இடைவிடாமல் சமரசம் பேச வேண்டும் என்று பல நாட்டுப் பெண்கள் கையெழுத்திட்ட மனுவை அதிபர் உட்ரோ வில்சனிடம் கொடுத்தார். வில்சன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், அதோடு சரி. ரோசிகா ஓயவில்லை, 22 மாநிலங்களில் சுற்றிப் பேசினார். அந்தப் பேச்சுகளின் சூட்டில் 1915 ஜனவரியில் வாஷிங்டனில், அமெரிக்கச் சமூக சேவகர் ஜேன் ஆடம்ஸ் தலைமையில் பெண்கள் அமைதிக் கட்சி பிறந்தது. சிகாகோவில் அவர் பேச்சைக் கேட்டு மனம் மாறியவர்களில் ஒருவர் டெக்சாஸைச் சேர்ந்த வசதியான குடும்பத்துப் பெண் லோலா மேவரிக் லாயிட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உலக அரசு இயக்கத்தை இவர்கள் இருவரும்தான் தொடங்குகிறார்கள்.

1915 ஏப்ரல் 28 முதல் மே 1 வரை ஹாலந்தின் ஹேக் நகரத்தில் நடந்த பெண்கள் மாநாடு இந்தக் கதையின் முதல் பெரிய திருப்பம். போரிடும் நாடுகளிலிருந்தும் நடுநிலை நாடுகளிலிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள், 12 நாட்டுப் பிரதிநிதிகள், ஒரே கூரையின் கீழ் கூடினார்கள். அவர்களில் பலருடைய கணவன்மாரும் தம்பிமாரும் பிள்ளைகளும் அப்போது பதுங்கு குழிகளில் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். வர விரும்பிய பிரிட்டிஷ் பெண்களில் பெரும்பாலோர் வட கடலைத் தாண்ட முடியாதபடி கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மாநாட்டின் தீர்மானங்களைப் படித்தால் இன்றும் வியப்பாக இருக்கும். ஒரு நிலப்பகுதியை அங்கு வாழும் ஆண்கள், பெண்கள் இருவரின் சம்மதமும் இல்லாமல் கைமாற்றக்கூடாது. இரகசிய ஒப்பந்தங்கள் கூடாது. நிரந்தர அனைத்துலக நீதிமன்றம் வேண்டும். வெளியுறவுக் கொள்கை மக்களின் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும். பெண் வாக்குரிமையையும் போரையும் முடிச்சுப் போட்டார்களே என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிச்சு மிகச் சரியாகப் படுகிறது. மக்கள்தொகையில் பாதிப்பேருக்கு வாக்கே இல்லாத நாடுகள் ‘நாட்டின் விருப்பம்’ என்று சொல்லிப் போருக்குப் போயின.

தீர்மானங்களைத் தபாலில் அனுப்பினால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும், தூதுக்குழுக்கள் நேரில் போய் ஒவ்வொரு அரசிடமும் கொடுக்க வேண்டும் என்று மாநாட்டை வற்புறுத்தி இணங்க வைத்தவர் ரோசிகா. ஜேன் ஆடம்ஸ் ஒரு குழுவோடு போரிடும் நாடுகளின் தலைநகரங்களுக்குப் போனார். ரோசிகா, எமிலி பால்ச், கிறிஸ்டல் மக்மில்லன் ஆகியோரோடு ஸ்காண்டிநேவிய நாடுகளுக்குப் போனார். பிரதமர்களும் வெளியுறவு அமைச்சர்களும் அவர்களைச் சந்தித்தார்கள். ஏறத்தாழ எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: யாராவது நடுவில் வந்தால் எங்களுக்கு மறுப்பில்லை, ஆனால் முதலில் நாங்கள் கேட்க மாட்டோம். நடுநிலை நாடுகளோ அமெரிக்கா முதலில் அசையட்டும் என்றன. அமெரிக்கா அசையவில்லை. ரோசிகாவுக்குப் பின்னாளில் வந்த முடிவின் விதை இந்தப் பயணத்தில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன். மனிதர்களாக அந்த அமைச்சர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் அமர்ந்திருந்த நாற்காலி அவர்களை வேறு எதையும் சொல்ல விடவில்லை.

அடுத்தது ‘அமைதிக் கப்பல்’. நவம்பர் 1915-இல் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்து, அரசுகள் செய்யாததை நாமே செய்வோம் என்று சம்மதிக்க வைத்தார். ஃபோர்டு ‘ஆஸ்கர் 2’ என்ற கப்பலை ஏற்பாடு செய்தார். டிசம்பர் 4 அன்று நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் துறையிலிருந்து கப்பல் புறப்பட்டது. கிறிஸ்துமஸுக்குள் படைவீரர்களைப் பதுங்கு குழியிலிருந்து வெளியே கொண்டுவருவோம் என்று ஃபோர்டு அறிவித்துவிட்டதால் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். கப்பலில் வந்த செய்தியாளர்கள் ஒவ்வொரு சண்டையையும் ஊதி எழுதினார்கள். ஐரோப்பிய அரசுகளின் இசைவைக் காட்டும் ஆவணங்கள் என்று ரோசிகா தன் கறுப்புப் பையை யாரிடமும் தராமல் வைத்திருந்தது ஒரு நகைச்சுவைத் தொடராகவே ஆயிற்று. நார்வே போய்ச் சேர்ந்ததும் உடல் சரியில்லை என்று ஃபோர்டு சத்தமில்லாமல் ஊர் திரும்பிவிட்டார்.

இந்தப் பகுதியில் ரோசிகாவை முழுவதும் காப்பாற்றிப் பேச என்னால் முடியாது. அவர் யாரையும் கலந்துகொள்ளவில்லை, எல்லா முடிவையும் தானே எடுத்தார், எதிர்த்துப் பேசியவர்களை விரோதிகளாகப் பார்த்தார். பழைய தோழிகள் பலர் இதற்குப் பிறகு விலகிப்போனார்கள். ஆனாலும் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கேலிக்குள்ளான அந்தக் கப்பலிலிருந்துதான் 1916 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடுநிலை நாடுகளின் மாநாடு கூடியது. அரசு அனுப்பாத குடிமக்கள் உட்கார்ந்து சமாதான நிபந்தனைகளை வரைந்தார்கள். அரசுகள் மறுத்தால் மக்களே தொடங்கலாம் என்ற வழிமுறை அங்கே ஒருமுறை ஒத்திகை பார்க்கப்பட்டது. ரோசிகா சில வாரங்களில் அதிலிருந்து விலக நேர்ந்தாலும் அந்தப் பாடத்தை விடவில்லை.

போர் முடிந்து ஹங்கேரி குடியரசானதும் மிஹாய் கரோயி அரசு அவரை சுவிட்சர்லாந்துக்குத் தூதராக அனுப்பியது. நவீன உலகின் முதல் பெண் தூதர்களில் ஒருவர். சுவிஸ் அதிகாரிகளுக்கு ஒரு பெண்ணைத் தூதராக ஏற்கவே தெரியவில்லை. சில மாதங்களில் திருப்பி அழைக்கப்பட்டார். அதன்பின் பேலா குன்னின் பொதுவுடைமை அரசு வந்தது. அதற்கு வேலை செய்ய அவர் மறுத்தார், உரிமைகள் பறிபோயின. அதற்கடுத்து ஹோர்தியின் வலதுசாரி ஆட்சி வந்தது. அவர்களுக்கு அவர் யூதர், பெண்ணியர், கரோயியின் ஆள், மூன்றும் குற்றம். 1920-இல் உயிருக்குப் பயந்து வியன்னாவுக்குத் தப்பினார். 1921-இல் மறுபடி அமெரிக்கா, லோலா லாயிட்டின் வீட்டில் அடைக்கலம்.

ஆனால் அமெரிக்கா மாறியிருந்தது. ஜெர்மானிய உளவாளி என்றார்கள், போல்ஷெவிக் (பொதுவுடைமைவாதி) ஏஜென்ட் என்றார்கள், ஃபோர்டு பின்னாளில் யூத வெறுப்பைப் பரப்பியதற்கே இவர்தான் காரணம் என்றுகூடப் பழி போட்டார்கள். போல்ஷெவிக்குகளால் உரிமை பறிக்கப்பட்டவரை போல்ஷெவிக் என்று தூற்றியது எவ்வளவு பெரிய அநியாயம்! மேடைப் பேச்சால் வாழ்ந்தவருக்கு மேடை கிடைக்கவில்லை. அவதூறு பரப்பிய ஒரு பத்திரிகையாளர்மீது வழக்குப் போட்டு வென்றார், ஆனாலும் பழைய பெயர் திரும்பவில்லை.

இனி வருவது என்னை மிகவும் பாதித்த பகுதி. 1926-இல் அவர் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தப் படிவத்தில் 22-ஆவது கேள்வி: தேவைப்பட்டால் இந்த நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்தச் சம்மதமா? அவருக்கு வயது 49. நீரிழிவு நோயாளி. பெண்களை ஆயுதம் ஏந்த அந்நாட்டுச் சட்டமே அழைத்ததில்லை. ‘ஆம்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் எழுதியது: “நான் நேரடியாக ஆயுதம் ஏந்த மாட்டேன்.” விசாரணையில் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். தனக்குத் தேசியவாத உணர்வு கிடையாது என்றும், மனிதக் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்ற பிரபஞ்ச உணர்வு மட்டுமே உண்டு என்றும் அவர் எழுதிய வரி பின்னர் தீர்ப்பிலேயே இடம்பெற்றது.

சிகாகோவின் மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு விடாமல் உச்ச நீதிமன்றம் போனது. 1929 மே 27 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர் தோற்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பியர்ஸ் பட்லர், தேவைப்படும்போது நாட்டை ஆயுதம் ஏந்திக் காப்பது குடிமக்களின் கடமை, அதை மறுப்பவர் தானும் கெட்டு மற்றவர்களையும் கெடுக்கக்கூடும் என்ற போக்கில் வாதாடினார். ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி துப்பாக்கி எடுக்க மறுத்ததால் ஒரு வல்லரசின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அதன் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எதிர்த்து எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அப்போது அவருக்கு வயது 88. இளம் வயதில் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டு மூன்று முறை குண்டடி பட்டவர். போர் என்றைக்காவது ஒழியும் என்ற ரோசிகாவின் நம்பிக்கையைத் தான் பகிர்ந்துகொள்ளவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். அப்படி எழுதிவிட்டுத்தான் சொன்னார்: நம் அரசமைப்பில் எல்லாவற்றுக்கும் மேலாகப் பற்றிக்கொள்ள வேண்டிய கொள்கை சிந்தனைச் சுதந்திரம்; நம்மோடு ஒத்துப்போகிறவர்களுக்கான சுதந்திரம் இல்லை அது, நாம் வெறுக்கும் சிந்தனைக்கான சுதந்திரம். நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்த வரியைப் படிக்காமல் யாரும் வெளியே வருவதில்லை. வரியைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரியும்? ரோசிகா நன்றி தெரிவித்துக் கடிதம் எழுத, ஹோம்ஸ் பதில் எழுதினார். கொள்கையில் எதிரெதிர் துருவங்களான இருவருக்கும் இடையே ஒரு மரியாதை இருந்தது.

இந்தத் தீர்ப்பைப் பின்பற்றி 1931-இல் யேல் பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர் டக்ளஸ் மாக்கின்டாஷுக்கும் ஒரு செவிலியருக்கும் குடியுரிமை மறுக்கப்பட்டது. 1946-இல், ஜிரார்டு என்பவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்த மூன்று தீர்ப்புகளும் தவறு என்று தள்ளுபடி செய்தது. ஹோம்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ரோசிகா இருந்தார். ஆனால் அவர் கடைசிவரை எந்த நாட்டுக்கும் குடிமகளாகவில்லை.

ஹங்கேரி கைவிட்டது, அமெரிக்கா சேர்த்துக்கொள்ளவில்லை. பாஸ்போர்ட் இல்லை, வாக்கு இல்லை, வெளியே போனால் திரும்பி வரலாம் என்ற உறுதி இல்லை. முப்பதுகளில் ஐரோப்பாவில் இதே நிலைக்கு இலட்சக்கணக்கானவர்கள் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதரின் உரிமைகள் முழுவதும் ஒரு நாட்டின் கையெழுத்தைச் சார்ந்திருந்தால், அந்த நாடு கையை விரித்த அன்று அவர் என்ன ஆவார்? இந்தக் கேள்வியை அவர் தன் உடம்பிலேயே சுமந்தார். அதனால்தான் அவருடைய உலக அரசுத் திட்டத்தைப் படிக்கும்போது அதில் சாய்வு நாற்காலித் தத்துவத்தின் வாடையே வருவதில்லை.

உலக அரசு என்ற எண்ணம் 1920-களிலேயே தொடங்கிவிட்டது. 1937-இல் அவரும் லோலா லாயிட்டும் ‘குழப்பமா, போரா, புதிய உலக ஒழுங்கா?’ என்ற பொருளில் ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில் ‘உலக அரசுக்கான இயக்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டில் உலகக் கூட்டாட்சிக்கென்றே தொடங்கப்பட்ட முதல் இயக்கங்களில் இது ஒன்று. முதல் உலகப் போருக்குப் பின் நாடுகள் கூடி அமைத்த உலக நாடுகளின் சங்கத்தை விட்டு ஜப்பானும் ஜெர்மனியும் 1933-இலேயே வெளியேறியிருந்தன, இத்தாலியும் 1937 டிசம்பரில் வெளியேறியது. எல்லாரும் கலைந்து போய்க்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் எல்லாரையும் கூட்ட வேண்டும் என்றார்கள்.

அவர்கள் கேட்டதில் மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது, எந்த நாட்டையும் வெளியே நிறுத்தக்கூடாது. 1939-இல் கிளாரன்ஸ் ஸ்ட்ரீட் என்ற பத்திரிகையாளர் ஜனநாயக நாடுகள் மட்டும் சேர்ந்து ஒரு கூட்டாட்சி அமைக்கலாம் என்று எழுதியது அமெரிக்காவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. ரோசிகா அதைக் கடுமையாக எதிர்த்தார். அவருக்கு அது இன்னொரு இராணுவக் கூட்டணி, அவ்வளவுதான். காலனிகளை வைத்திருந்த நாடுகளே அந்த ‘ஜனநாயக’ப் பட்டியலில் முன்வரிசையில் இருந்தன என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, உலக அரசுக்குப் படை கூடாது. மூன்றாவது, நான் முதலிலேயே அச்சாகச் சொன்னது: உலக மன்றத்துக்கு வரும் பிரதிநிதிகளை அரசாங்கங்கள் நியமிக்கக்கூடாது, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான அரசமைப்பு மாநாட்டைக் கூட்ட அரசுகள் முன்வராவிட்டால் மக்களே தேர்தல் நடத்தித் தற்காலிக உலக அரசை நிறுவத் தொடங்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் பார்த்த ஒத்திகை இங்கே முழுத் திட்டமாக வந்திருப்பதைக் கவனிக்கலாம்.

இந்த மூன்றில் மூன்றாவதுதான் அவருடைய உண்மையான பங்களிப்பு என்பது என் கருத்து. உலக நாடுகளின் சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் நாட்டு மக்களின் பேராளர்கள் இல்லை, தங்கள் வெளியுறவுத் துறையின் ஊழியர்கள். ஊழியர் முதலாளி சொன்னதைத்தான் பேசுவார். ஒரு நாட்டு நாடாளுமன்றத்தில் ஒரே மாவட்டத்திலிருந்து வரும் உறுப்பினர்கள்கூட எதிரெதிர்க் கட்சியில் இருப்பார்கள். வேறு மாவட்டத்து உறுப்பினர்களோடு கைகோப்பார்கள். அதனால் மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் போர் வருவதில்லை. உலக மன்றத்தில் ஜெர்மன் தொழிலாளியின் பிரதிநிதியும் பிரெஞ்சுத் தொழிலாளியின் பிரதிநிதியும் ஒரே பக்கம் வாக்களிக்கும் நிலை வந்தால் ‘ஜெர்மனி’, ‘பிரான்ஸ்’ என்ற இரண்டு கட்டிகளாக உலகம் மோதாது. நேரடித் தேர்தலை ஆதரித்தவர்களின் வாதத்தின் சாரம் இதுதான்.

பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். படையில்லாத உலக அரசு ஹிட்லரை என்ன செய்திருக்கும் என்ற கேள்விக்கு அவருடைய திட்டத்தில் நிறைவான பதில் இல்லை. யூதரான அவருக்கு நாஜிகள் யார் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் ஆயுத மறுப்பில் அவர் அசையவில்லை. பின்னால் வந்த உலகக் கூட்டாட்சியாளர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் அவரை விட்டு விலகி, வரையறுக்கப்பட்ட உலகக் காவல்படை வேண்டும் என்றார்கள். சட்டம் நாடுகளை மட்டும் கட்டுப்படுத்தாமல் குற்றம் செய்த தனி மனிதரை நேரடியாகப் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த வாதம். நாஜித் தலைவர்கள்மீது நடந்த நூரெம்பர்க் விசாரணையும், பல பத்தாண்டுகள் கழித்து 2002-இல் செயல்படத் தொடங்கிய அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றமும் அந்த வழியில் வந்தவை.

அப்போது இந்த எண்ணம் இவர்கள் இருவரோடு நிற்கவில்லை. நம் பக்கத்திலிருந்தே ஒரு சான்று: 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் நிறைவேறிய ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்தில், உலகின் எதிர்கால அமைதிக்கும் பாதுகாப்புக்கும் சுதந்திர நாடுகளின் உலகக் கூட்டாட்சி தேவை, வேறு எந்த அடிப்படையிலும் இன்றைய உலகின் சிக்கல்களைத் தீர்க்க முடியாது என்ற பகுதி இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் அந்தத் தீர்மானத்தை ‘செய் அல்லது செத்து மடி’ என்ற முழக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம். விடுதலை கேட்ட அதே தாளில் உலகக் கூட்டாட்சியும் கேட்கப்பட்டது.

1944-இல் லோலா லாயிட் காலமானார். அவருடைய பிள்ளைகள் இயக்கத்தைத் தொடர்ந்தார்கள். மகள் ஜார்ஜியா லாயிட்டும் ரோசிகாவின் உதவியாளர் எடித் வின்னரும் சேர்ந்து, வரலாறு நெடுக முன்வைக்கப்பட்ட அமைதித் திட்டங்களைத் தொகுத்து அந்த ஆண்டே ஒரு நூல் வெளியிட்டார்கள். 1945-இல் ஐக்கிய நாடுகள் சபை வந்தது. அதன் சாசனம் ‘மக்களாகிய நாங்கள்’ என்று தொடங்குகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் மக்களுக்கு ஓர் இருக்கைகூட இல்லை. ஐந்து அரசுகளுக்கு மட்டும் தடுப்பதிகாரம் இருந்தது. ரோசிகாவின் நாற்பதாண்டு அனுபவத்துக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

வாழ்நாள் முழுவதும் அவர் விடாமல் செய்த ஒரு வேலையையும் குறிப்பிட வேண்டும். கடிதம், துண்டுப் பிரசுரம், பத்திரிகை நறுக்கு என்று எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்தார். 1935-இல் வரலாற்றாசிரியர் மேரி பியர்டோடு சேர்ந்து பெண்களின் வரலாற்றுக்கென ஓர் உலக ஆவணக் காப்பகத்தை அமைக்க முயன்றார். பணமில்லாமல் அது 1940-இல் மூடப்பட்டது. ஆனால் அந்த யோசனை பின்னாளில் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் வரலாற்று ஆவணத் தொகுப்புகள் உருவாகத் தூண்டுதலாக அமைந்தது. அவரும் லோலாவும் சேர்த்தவை ஷ்விம்மர்-லாயிட் தொகுப்பு என்ற பெயரில் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. ஹேக் மாநாடும் அமைதிக் கப்பலும் பற்றி இன்று நாம் விரிவாகப் பேச முடிகிறதென்றால் அதற்கு அந்தப் பெட்டிகளும் ஒரு காரணம்.

1948-இல் பல நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவரை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று நியூயார்க்கில் அவர் நிமோனியாவால் இறந்தார், வயது 70. ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்ட காந்தியும் அந்த ஆண்டின் பரிந்துரைப் பட்டியலில் இருந்தார். உயிரோடு இருப்பவர்களில் தகுதியானவர் யாரும் இல்லை என்று நோபல் குழு அந்த ஆண்டு பரிசையே நிறுத்திவைத்தது.

‘வெறும் கனவுதானா’ என்ற உங்கள் மூன்றாம் கேள்விக்கு அவர் இறந்த ஆண்டிலும் அதற்குப் பிறகும் நடந்தவற்றையே பதிலாகத் தருகிறேன். அவர் இறப்பதற்குப் பத்து வாரங்களுக்கு முன், 1948 மே 25 அன்று, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிய கேரி டேவிஸ் பாரீஸில் தன் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார். ரோசிகாவுக்குத் தண்டனையாக வந்ததை டேவிஸ் போராட்டமாக எடுத்துக்கொண்டார். நவம்பர் 19 அன்று பாரீஸில் கூடியிருந்த ஐ.நா. பொதுச்சபையில் பார்வையாளர் மாடத்திலிருந்து எழுந்து, உங்கள் இறையாண்மை நாடுகள் எங்களைப் பிரித்துப் போருக்கு இழுத்துப் போகின்றன, ஓர் உலக அரசுக்கான மாநாட்டைக் கூட்டுங்கள் என்று குரல் கொடுத்தார். காவலர்கள் அவரை இழுத்துப் போனதும் அவருடைய தோழர் ரோபெர் சரசாக் உரையைத் தொடர்ந்தார். எழுத்தாளர் ஆல்பெர் காம்யு அவர்களுக்கு ஆதரவாகப் பேசினார். சில மாதங்களில் இலட்சக்கணக்கானவர்கள் உலகக் குடிமக்களாகப் பெயர் பதிந்தார்கள். 1949 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே, ஐ.நா.வை உலகக் கூட்டாட்சியாக வளர்ப்பது வெளியுறவுக் கொள்கையின் அடிப்படைக் குறிக்கோளாக வேண்டும் என்ற தீர்மானத்தை 111 உறுப்பினர்கள் முன்மொழிந்தார்கள். பின்னாளில் அதிபர்களான ஜான் கென்னடியும் ஜெரால்டு ஃபோர்டும் அவர்களில் இருந்தார்கள். 1950-இல் கொரியப் போர் வெடித்தது. பனிப்போர் இறுகியதும், உலக அரசு என்று பேசுவதே தேசத் துரோகமாகப் பார்க்கப்பட்டது. இயக்கம் சரிந்தது. எண்ணம் முட்டாள்தனம் என்று யாரும் நிரூபித்ததால் அது சரியவில்லை, பயத்தால் சரிந்தது.

நாடுகளைத் தாண்டிய ஒரு மன்றத்துக்கு மக்களே நேரடியாக வாக்களிக்க முடியாது என்பார்கள். 1979 முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அப்படித்தான் தேர்தல் நடக்கிறது. ஜெர்மானியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அங்கே நாட்டு வரிசையில் உட்காருவதில்லை, கட்சி வரிசையில் உட்காருகிறார்கள். 2004 முதல் ரோசிகா பிறந்த ஹங்கேரியும் அதில் வாக்களிக்கிறது. அந்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் போதாது என்ற குறை நியாயமானது, ஆனால் நடைமுறையில் முடியாது என்ற வாதம் அங்கே உடைந்துவிட்டது. ஐ.நா.விலோ இன்றும் 193 நாடுகளும் அரசு நியமித்த ஆட்களைத்தான் அனுப்புகின்றன. ஐ.நா.வுக்கென ஒரு மக்கள் நாடாளுமன்றம் வேண்டும், முதலில் நாட்டு நாடாளுமன்றங்கள் வழியாகவும் பிறகு நேரடித் தேர்தல் வழியாகவும் அதை அமைக்கலாம் என்று 2007 முதல் ஓர் அனைத்துலக இயக்கம் கேட்டு வருகிறது. ரோசிகாவின் திட்டத்தை மேலும் அறிய விரும்பினால் அவர்களுடைய கோரிக்கையை 1937-இன் சிறு வெளியீட்டோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிரதிநிதியை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியில் இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன.